பரணில் கிடக்கும் மடிக்கணினியை இறக்குங்கள்

அரசு கொடுத்த மடிக்கணினியை வாங்கிச் சென்ற என் பழைய மாணவ மாணவியருக்கு,

உங்களில் சிலருக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். சிலர் இன்னும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சிலர் திருப்பூரிலோ ஓசூரிலோ ஷிப்டு முடித்துவிட்டு இதை ஃபோனில் படிப்பீர்கள். எங்கே இருந்தாலும், உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ அந்த மடிக்கணினிப் பை தூசி படிந்து கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இந்த மடல்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் நம் பள்ளிக் கணினி அறையில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பெட்டியின் வரிசை எண்ணையும் நான் வாசிக்க, பதிவேட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற அப்பாவை நோக்கி ஓடினீர்கள். பலருடைய வீட்டுக்கும் வந்த முதல் கணினி அதுதான்.

அன்று நான் செய்யாமல் விட்ட ஒன்று இன்றும் உறுத்துகிறது. முதல் சில ஆண்டுகளில் வந்த கணினிகளை இயக்கியதும் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். பாடப்புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் நடத்தினேன், நீலத் திரையில் டர்போ சி பிளஸ் பிளஸ் நடத்தினேன். அந்த இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டேன். இடம் அடைக்கிறது என்று பலர் அதை அழித்தே விட்டீர்கள். பிறகு கணினி மெதுவானது. சார்ஜர் பழுதானது. பை பரணுக்குப் போனது.

போன கோடை விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி அந்தப் பையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவள் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "சர்வீஸ் கடையில காட்டினேன் டீச்சர். இதெல்லாம் எடைக்குத்தான் போகும், புதுசு வாங்கிக்கோன்னு சொல்லிட்டாங்க. நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். சாப்பாட்டு மேசையில் வைத்து இயக்கினோம். ஃபோனில் நேரம் பார்த்தாள். டெஸ்க்டாப் வர நான்கு நிமிடம். பிரவுசர் திறக்க மேலும் ஒன்றரை நிமிடம். அவ்வளவு நேரமும் முன்விளிம்பில் இருந்த சின்ன ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. காதை அருகில் வைத்தால் உள்ளே கரகரவென்று அரைக்கும் ஓசை.

கட்டற்ற இயங்குதளத்தில் எச்-டாப் என்று ஒரு சிறிய நிரல் உண்டு. கணினிக்குள் இந்த நொடி என்ன நடக்கிறது என்பதை வண்ணக் கோடுகளாகக் காட்டும். அதைத் திறந்து காட்டினேன். பிராசசரின் கோடுகள் பாதிகூட ஏறவில்லை. ரேமின் கோடு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே ஸ்வாப் என்ற கோடு மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. "பார், உன் கணினி மெதுவா வேலை செய்யல. வேலையே செய்யாம காத்துக்கிட்டிருக்கு" என்றேன்.

உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வருவது இதைத்தான். பழைய கணினிக்கு மூட்டுவலி வருவதில்லை. 2012இல் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனை கணக்கை இன்றும் அந்தப் பிராசசர் போடும். அது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

பெரும்பாலும் அது காத்திருப்பது ஹார்டு டிஸ்க்குக்காக. வகுப்பு மேசையையும் ஸ்டாஃப் ரூம் பீரோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். மேசைதான் ரேம். பீரோதான் ஹார்டு டிஸ்க். மேசை நிரம்பிவிட்டால், இப்போதைக்குத் தேவையில்லாததைப் பீரோவில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது மறுபடி எடுத்துவர வேண்டும். ஸ்வாப் என்பது இந்த நடைதான். நடை எவ்வளவு தூரம் தெரியுமா? ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. அதன் முள் சரியான தடத்துக்கு நகர்ந்து, தகவல் இருக்கும் இடம் சுழன்று வருவதற்குள் சராசரியாக 15 மில்லி நொடி போய்விடும். ஒன்றரை லட்சம் மடங்கு வித்தியாசம். மேசையிலிருந்து எடுக்க ஒரு நொடி என்றால், பீரோவிலிருந்து எடுத்துவர ஒன்றே முக்கால் நாள். 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் இன்றைய பிரவுசரைத் திறந்தால் இந்த நடை ஓயாமல் நடக்கும். அந்தக் கரகர ஓசை அதுதான்.

சரி, என்ன செய்யலாம்? நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். பல ஆண்டுகள் கிடந்த பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் கழற்றி ஓரமாக வையுங்கள். குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த மாடல்களில் பேட்டரி இல்லாமலே நேரடி மின்சாரத்தில் கணினி ஓடும்.

அடுத்து, விசிறி. அடிப்பக்க மூடியைக் கழற்றியபோது வெப்பத்தகட்டின் வாயில் தூசி, கம்பளித் துணியைப் போலப் படர்ந்திருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. காற்று வெளியேற வழியில்லாவிட்டால் பிராசசர் சூடேறும். எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மென்மையான பிரஷ் போதும். காற்று ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் கெட்டுவிடும். கை பழகியவர் உதவியோடு வெப்பப் பசையையும் மாற்றினால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலை. ஸ்மார்ட் என்ற பரிசோதனை எல்லா டிஸ்க்கிலும் உண்டு. கட்டற்ற இயங்குதளத்தின் டிஸ்க்ஸ் செயலியில் ஓரிரு கிளிக்கில் பார்க்கலாம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், மாற்றக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். எப்படியிருந்தாலும், வேறு எதையும் தொடும் முன் உங்கள் பழைய படங்களைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். என் மாணவியின் கணினியில் பள்ளிப் பிரிவுபசார விழாப் படங்கள் இருந்தன. இப்போது உயிரோடு இல்லாத அவள் பாட்டி, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படமும் அதில் இருந்தது.

நான்காவது, இயங்குதளம். விண்டோஸ் 7க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கானவை 2025 அக்டோபர் 14 அன்றும் நின்றுவிட்டன. அன்று வந்த பாஸ் பதிப்பும் இன்று பழையது. புதிதாக ஒன்றை நிறுவுவதே நல்லது. டெபியன், லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றில் எதுவும் சரி. பென்டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிராசசர் 64 பிட்டா, 32 பிட்டா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பு கிடையாது. அந்தத் திட்டத்தில் வந்த கணினிகளில் பலவும் 64 பிட் பிராசசர் கொண்டவை; அவற்றில் 32 பிட் விண்டோஸ் இருந்ததை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

எல்லா லினக்ஸும் லேசானது என்றும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப்தான் எடையைத் தீர்மானிக்கிறது. க்னோம் போன்ற அலங்காரமான டெஸ்க்டாப், நீங்கள் ஒன்றும் திறக்காமலே ரேமில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூட்டி இரண்டும் அதில் பாதியளவில் அடங்கிவிடும். எக்ஸ்எஃப்சிஇயில் சாளரங்களுக்கு நிழலும் ஒளிபுகும் தன்மையும் தரும் கம்போசிட்டரையும் நிறுத்திவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பழைய கிராபிக்ஸ் சிப்பின் சுமை இறங்கும்.

ஐந்தாவது, இசட்ரேம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. 2014இல் லினக்ஸ் கெர்னலின் 3.14 பதிப்பில் முழுமையாக இடம்பிடித்தது. மேசை நிரம்பும்போது தாள்களைப் பீரோவுக்கு எடுத்துப் போகாமல், சின்னதாக மடித்து மேசை ஓரத்திலேயே வைத்துக்கொள்வதுபோல, ரேமில் இருப்பதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிடும். சுருக்கி விரிக்கப் பிராசசருக்குக் கொஞ்சம் வேலைதான். ஆனால் அதுதான் சும்மா காத்திருந்ததே! டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். அதை நிறுவி மறுபடி இயக்கியபோது கரகர ஓசை நின்றுவிட்டது. என் மாணவி, கணினி அணைந்துவிட்டதோ என்று பயந்து மவுஸை அசைத்துப் பார்த்தாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ரேமைச் சுத்தம் செய்யும் கட்டளை" என்று ஊரெல்லாம் ஒன்று சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். ஃப்ரீ என்ற கட்டளையைக் கொடுத்தால் ரேம் கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பியதுபோலத் தெரியும். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் வீணாக்காது. அண்மையில் படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும், யாராவது இடம் கேட்டால் உடனே கொடுத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள அவெய்லபிள் என்ற எண்ணை மட்டுமே. அப்படி எடுத்து வைத்திருக்கும் கேஷை வலிந்து காலி செய்தால், மேசையில் எடுத்து வைத்ததையெல்லாம் மறுபடி பீரோவிலிருந்து தூக்கிவர வேண்டிவரும்.

ஆறாவது, தொடங்கும்போதே கூடவே கிளம்பும் சேவைகள். எது எத்தனை நொடி எடுத்தது என்று, அவற்றைக் கிளப்பிவிடும் சிஸ்டம்-டி என்ற நிரல் கணக்கு வைத்திருக்கும், கேட்டால் பட்டியல் கொடுக்கும். வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் பிரிண்டர் சேவை வேண்டாம். புளூடூத் பயன்படுத்தாவிட்டால் அதுவும் வேண்டாம். இன்னதென்று தெரியாத பெயரை மட்டும் தொடாதீர்கள். தெரிந்துகொண்ட பிறகு நிறுத்தலாம்.

ஏழாவது, பிரவுசர். இன்று கணினியின் ரேமைத் தின்பதில் முதலிடம் அதற்குத்தான். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தோடு வரும் நிரல்களும் படங்களும் நின்றாலே பக்கம் சட்டென்று திறக்கும். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு டேபுக்கு மேல் வேண்டாம். யூடியூபை 360 அல்லது 480 தரத்தில் பாருங்கள். அங்கே இன்று வரும் புதிய வீடியோ வடிவங்களை விரித்துக் காட்டும் சுற்று அந்தக் காலத்துச் சிப்பில் கிடையாது. அந்தப் பாரம் முழுவதையும் பிராசசரே சுமக்கிறது.

இவை எல்லாவற்றையும் செலவில்லாமல் செய்தோம். டெஸ்க்டாப் வரும் நேரம் ஒன்றேகால் நிமிடமாகக் குறைந்தது. அதன் பிறகுதான் காசு செலவழித்தோம். அந்த வரிசை முக்கியம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதே இடத்தில் 128 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினோம். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. நம் பீரோ கணக்கில் ஒன்றே முக்கால் நாள் நடை ஏறத்தாழ பதினேழு நிமிடமாகிவிடும். பழைய மடிக்கணினிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் முடிந்தால் ரேம். உங்கள் கணினி எந்த வகை டிடிஆர் ரேமை ஏற்கும் என்று அதிலிருப்பதைக் கழற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால், பழைய உதிரிபாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும். கழற்றிய ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் வீணில்லை. ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் படங்களைச் சேமித்துக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி போட்டபின் இயக்கியபோது மாணவி வழக்கம்போல ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டாள். அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. அவள் மகள் எங்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இத்தனை பாடுபட்டு ஒரு பழைய பெட்டியையா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள், இருபது டேபு ஆகியவற்றுக்கு அது ஆகாது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு குழந்தைக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்விச் செயலியை வைத்து எண்ணும் எழுத்தும் சொல்லித்தர அது தாராளம். லிப்ரே ஆபீஸில் விண்ணப்பக் கடிதமும் கணக்குப் புத்தகமும் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் தட்டச்சுப் பழகலாம். பைத்தான் கற்கலாம், நாம் நீலத் திரையில் எழுதிய அதே சி பிளஸ் பிளஸ் நிரலை இன்றைய ஜி பிளஸ் பிளஸ்ஸில் எழுதி ஓட்டலாம். கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத வீட்டிலும் படிக்கலாம். ஃபோனில் பார்க்கத்தான் முடிகிறது, செய்து பழக ஒரு விசைப்பலகை வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நான் மேலே சொன்ன எதற்கும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, கவனித்தீர்களா? மென்பொருளைப் பயன்படுத்தவும், திறந்து பார்க்கவும், மாற்றவும், பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 4 எம்பி ரேம் கொண்ட ஒரு 386 கணினியில் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கினார். அந்த 386 பிராசசருக்கான ஆதரவைக் கெர்னலிலிருந்து எடுத்தது எப்போது தெரியுமா? 2012 டிசம்பரில். 21 ஆண்டுகள் அந்தப் பழைய பிராசசரைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். உங்கள் கணினி பழையதா இல்லையா என்பதை எங்கோ இருக்கும் ஒருவர் தேதி குறித்துத் தீர்மானிக்காமல், அதைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் தீர்மானிக்கலாம். கட்டற்ற என்ற சொல்லுக்கு நான் வகுப்பில் கொடுத்திருக்க வேண்டிய விளக்கம் இதுதான்.

லட்சக்கணக்கான மடிக்கணினிகள் மக்கள் வரிப்பணத்தில் வாங்கி உங்கள் கையில் கொடுக்கப்பட்டவை. உங்களைப் போலவே, வீட்டில் முதல் கணினிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்றும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். உங்களுக்குத் தேவையில்லாவிட்டால் சரிசெய்து அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுங்கள். எச்-டாப்பைத் திறந்து, எந்தக் கோடு எதற்கு என்று சொல்லுங்கள். அடுத்த முறை மெதுவானால் அந்தப் பிள்ளையே காரணம் தேடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பையை இறக்கித் தூசி தட்டுங்கள். பேட்டரியைப் பாருங்கள். இயக்குங்கள். விளக்கு அணையாமல் எரிந்தால் பயப்படாதீர்கள். எதற்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். திரையில் இரண்டு பெயர்கள் இன்னும் வந்தால், இந்த முறை இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அன்று நான் நடத்தாமல் விட்ட பாடத்தை அங்கிருந்து தொடங்குவோம்.

வழியில் எங்காவது சிக்கினால் தயங்காமல் வாருங்கள். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். திருப்புளி செட்டும் பிரஷும் மேசை மேலேயே இருக்கின்றன.

என்றும் அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் டீச்சர்